பிழைக்க வந்தவன் நோயைப் பற்றிக் கேள்வி கேட்கலாகாதா?

“பிழைக்க வந்த இடத்தில் நமக்கெதற்கு வம்பு?”

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் அண்டாப் ஹில்லிலும் சீட்டா கேம்பிலும் நம் மக்கள் நாள்தோறும் ஓதுகிற மந்திரம் இது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் இந்த மந்திரம் மறந்து போகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருகிறோம். கூலியில் பத்து ரூபாய் குறைந்தால் மறந்து போகிறது. முதலாளியை முகத்துக்கு நேரே கேட்கிறோம். மருத்துவமனை வாசலை மிதித்தவுடன் மட்டும் அது நினைவுக்கு வந்துவிடுகிறது. வெள்ளைக் கோட்டுப் போட்ட எவரைக் கண்டாலும் ஒரு கும்பிடு. அவர் டாக்டரா, இரத்தம் எடுக்க வந்த பையனா என்பதுகூடத் தெரியாது. சீட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிறோம். “அங்கே போ” என்றால் போகிறோம். “நாளைக்கு வா” என்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுநாளும் வந்து நிற்கிறோம்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு, “டாக்டர் என்ன சொன்னார்?” என்று கேட்டுப் பாருங்கள். “மாத்திரை கொடுத்திருக்கார்.” என்ன மாத்திரை? “வெள்ளையா ஒண்ணு, செவப்பா ஒண்ணு.” எத்தனை நாளைக்கு? “தீர்ற வரைக்கும்.” என்ன நோய்? அதற்கு மட்டும் பதில் இல்லை.

இதைக் கண்டு நம் படித்த தமிழர்கள் சிரிக்கிறார்கள். பாமர ஜனங்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். நாள் முழுதும் தோல் தைப்பவனுக்கும் விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கூடையில் சுமப்பவளுக்கும் வைத்தியக் கல்லூரிப் படிப்பா இருக்கும்? நோய் இன்னது, சிகிச்சை இன்னது, செலவு இவ்வளவு, ஆபத்து இவ்வளவு என்று நோயாளிக்குப் புரிகிற மொழியில் எடுத்துச் சொல்வது மருத்துவமனையின் கடமை. 2018இல் தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் பதினேழு உரிமைகள் இருக்கின்றன. அவற்றுள் முதலாவதே இதுதான். ஆகவே சிரிப்புக்கு இடமானவர்கள் நாமல்ல, தோழர்களே!

யார் வீட்டுப் பணம்?

முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். 1926இல் தொடங்கிய பரேல் கே.ஈ.எம். ஆகட்டும், நாயர் ஆகட்டும், நம் தாராவிக்கு அருகிலுள்ள சயான் மருத்துவமனை ஆகட்டும், எல்லாம் மாநகராட்சியின் மருத்துவமனைகள். மாநகராட்சியின் பணம் வானத்திலிருந்து கொட்டியதல்ல. சோப்பு வாங்கினால் வரி கொடுக்கிறோம், செருப்பு வாங்கினால் வரி கொடுக்கிறோம். நம் கையால் தைத்த தோல் பையும், நாம் தோண்டிய சாக்கடையும், நாம் கலவை சுமந்து கட்டிய மாடியும் இந்த நகரத்தின் சொத்து. (பெயரை 1995இல் மும்பை என்று மாற்றினார்கள், நம் வாய்க்கு இன்றும் பம்பாய்தான். கூலிக்கு இரண்டும் ஒன்றே.) அப்படியிருக்க, அந்த மருத்துவமனைப் படுக்கையில் நாம் படுப்பது எவருடைய தருமம்?

“வெளியூர்க்காரனுக்கு எதற்கு எங்கள் படுக்கை?” என்று கேட்கிறவர்கள் எல்லா நகரத்திலும் இருக்கிறார்கள். தில்லியில் அதை அரசாங்கமே கேட்டது. 2018 அக்டோபரில், குரு தேக் பகதூர் மருத்துவமனையில் நூற்றுக்கு 80 பங்கு தில்லி வாக்காளர்களுக்கே என்று ஓர் உத்தரவு போட்டார்கள். அதே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அதைத் தூக்கியெறிந்தது. நோயாளியை ஊர் பார்த்துப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பதே தீர்ப்பின் சாரம். அத்துடன் புத்தி வந்ததா? 2020 ஜூன் மாதம் கொரோனா உச்சத்தில் இருந்தபோது, தில்லி மருத்துவமனைகள் தில்லிவாசிகளுக்கே என்று மறுபடியும் அறிவித்தார்கள். துணைநிலை ஆளுநர் மறுநாளே அதை ரத்துச் செய்தார். சோறு தேடி ஊர் விட்டு ஊர் போனவன் அந்த நாள்களில் எப்படித் துரத்தப்பட்டான் என்பதை நாம் நேரில் கண்டவர்கள் அல்லவா?

அவசர நோயாளியைத் திருப்பியனுப்பலாமா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துப் பல்லாண்டுகள் ஆகின்றன. விபத்தில் அடிபட்டவரைப் போலீஸ் வரட்டும் என்று காக்க வைக்கக் கூடாது; உயிரைக் காப்பதே மருத்துவரின் முதற் கடமை என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைவிட நமக்கு நெருக்கமானது 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மேற்கு வங்காளத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கத்து உறுப்பினர் ஒருவர் 1992 ஜூலையில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம்பட்டார். மதுராபூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்றார்கள். அங்கிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு பெரிய அரசு மருத்துவமனையில் படுக்கை இல்லை என்றார்கள். அடுத்ததிலும் இல்லை என்றார்கள். இப்படியே ஊரைச் சுற்றி, கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் காசு கட்டித்தான் அவர் பிழைத்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஏழையின் வழக்கைச் சுமந்து உச்ச நீதிமன்றம் வரை போனது யார்? பணக்கார வக்கீலா? மந்திரியா? இல்லை. அவருடைய சங்கம்! பச்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி என்ற பெயரிலேயே அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் நிற்கிறது. படுக்கை இல்லை, பணம் இல்லை என்பது அரசாங்கத்துக்குச் சாக்கு ஆகாது, அவசரச் சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையை மறுப்பதாகும் என்று நீதிமன்றம் கூறி, 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது. விவசாயக் கூலிகளின் சங்கம் செய்த காரியம் இது. நம் சங்கங்கள் என்ன செய்கின்றன என்பதைப் பிறகு பார்ப்போம்.

தர்த் ஹை, தர்த் ஹை

நம் மக்களை மருத்துவமனையில் ஊமையாக்குவது பயம் மட்டுமல்ல. மொழி.

நம் தாய்மார்களிடம் வலிக்கு எத்தனை வார்த்தைகள்! குத்துகிறது, குடைகிறது, பிசைகிறது, கடுக்கிறது, உளைகிறது, கரிக்கிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மதமதவென்று இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு வலி. எந்த டாக்டரும் கேட்டால் மகிழ்ந்து போகக்கூடிய துல்லியம். ஆனால் டாக்டருக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் நிற்கிறான் பக்கத்துக் கோலியின் பையன். அவன் சொல்வது ஒரே வார்த்தை: “தர்த் ஹை.” ஒன்பது வலியும் ஒரு வலியாகிவிட்டது. “நெஞ்சை அடைக்குது, இடது கை மதமதன்னு இருக்கு, வேர்த்து ஊத்துது” என்று அவள் சொல்ல, இவன் பாதியை விழுங்கி “கேஸ் ஹை” என்று முடித்துவிட்டால், மாரடைப்புக்கு வந்தவள் வயிற்றெரிச்சல் மருந்தோடு வீடு திரும்புவாள். “நீர்க்கடுப்பு, உடம்பு சூடு” என்றால் “புக்கார்” என்று மொழிபெயர்க்கிறான். சிறுநீர் எரிச்சலுக்கு வந்தவளுக்குக் காய்ச்சல் மாத்திரை!

இதைவிடக் கொடுமை ஒன்று. மொழிபெயர்க்க ஆண் வந்தால் நம் பெண்கள் வாயையே திறப்பதில்லை. வெள்ளைப்படுதலையும் மாதவிலக்குக் கோளாறையும் அயலான் முன் எப்படிச் சொல்வாள்? “உடம்பு அசதி” என்று முடித்துக்கொள்கிறாள். அவன் “கம்ஜோரி” என்கிறான். சத்து மாத்திரை கிடைக்கிறது. வயிற்றுக்குள் கட்டி வளர்கிறது. ஆண் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து மகளை நிறுத்திக் கூட்டிப் போகிறார்கள். பத்து வயதுப் பெண் குழந்தை, தன் தாயின் கர்ப்பப்பையில் என்ன கோளாறு என்பதை டாக்டரிடம் கேட்டுத் தாயிடம் சொல்கிறது. இதை நாம் புத்திசாலிக் குழந்தை என்று பாராட்டுகிறோம்! டாக்டர் “கேன்சர்” என்று சொன்னால் அந்தக் குழந்தை அதை எப்படித் தாயின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் என்று எவராவது எண்ணிப் பார்த்தோமா?

(வார்டில் ஒரு மலையாளச் சிஸ்டர் இருந்துவிட்டால் நம் பெண்களுக்குத் தெய்வத்தைக் கண்டது போல. அவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் எத்தனை நாளைக்கு அதிர்ஷ்டத்தை நம்பியிருப்பது?)

பம்பாய் மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. பிள்ளைக்குத் தமிழில் பாடம் சொல்ல முடிந்த மாநகராட்சிக்கு, அந்தப் பிள்ளையின் தாய்க்குத் தமிழில் நோயைச் சொல்ல ஒரு மேஜையும் இரண்டு ஆளும் போட முடியாதா? வந்தேறிகளின் ஆணவம் என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். மராத்தியை நாம் மதிக்கிறோம். நம் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள், பேசுகிறார்கள். ஆனால் வலியில் துடிப்பவனிடம் மொழிப் பரீட்சை வைப்பது எந்த மொழிக்கும் பெருமை சேர்க்காது. தெலுங்கரும் கன்னடரும் வங்காளிகளும் இதே தொல்லைக்கு ஆளானவர்கள்தாம். அவர்களோடு சேர்ந்து கேட்டால் இந்தக் கோரிக்கைக்கு இன்னும் பலம்.

கைநாட்டு வைக்குமுன்

வாய் ஊமையானால் கை பேசுகிறது, அதாவது கட்டைவிரல். ஆங்கிலத்திலோ மராத்தியிலோ அச்சடித்த காகிதத்தில் “இங்கே ஓர் அங்கூட்டா” என்றதும் வைத்துவிடுகிறோம். அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது?

சில நேரம் அது அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல். 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒரு பெண் பரிசோதனைக்காக மட்டும் ஒப்புக்கொண்டு மயக்க மருந்து வாங்கினாள். அவள் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியில் இருந்த தாயாரிடம் கேட்டுவிட்டுக் கர்ப்பப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். உடனே உயிர் போகிற அவசரம் எதுவும் இல்லை. நீதிமன்றம் சொன்னது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் உறுப்பை அகற்றுவதற்குச் சம்மதம் ஆகாது, சுயநினைவோடு முடிவெடுக்கக்கூடிய வயது வந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் சம்மதம் கொடுக்க முடியாது. படித்த, வசதியுள்ள பெண்ணுக்கே அந்தக் கதி என்றால் நம் பெண்களின் கதி? “பிள்ளைதான் பெத்தாச்சே, பை எதுக்கு?” என்று கேட்டுக் கையெழுத்து வாங்கும் சின்ன நர்சிங் ஹோம்கள் இல்லாத வட்டாரம் உண்டா? “எதை எடுக்கப் போகிறீர்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும், வேறு வழி இல்லையா, இன்னொரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரட்டுமா?” இந்த நாலு கேள்வியைக் கேட்காமல் விரலில் மை தொடாதீர்கள். இன்னொரு டாக்டரைப் பார்ப்பது துரோகம் அல்ல. சாசனத்தில் அதுவும் ஓர் உரிமை.

இன்னும் சில நேரம் அந்தக் காகிதம் வேறு ஒன்று. “மருத்துவர் ஆலோசனைக்கு மாறாக, என் சொந்த விருப்பத்தின்பேரில், விளைவுகளுக்கு நானே பொறுப்பேற்று நோயாளியை அழைத்துச் செல்கிறேன்.” ஆங்கில எழுத்தில் சுருக்கி ‘டாமா’ என்பார்கள். பணம் தீர்ந்துபோன குடும்பத்தைத் தனியார் மருத்துவமனை வெளியே தள்ளும்போது, தள்ளியது தானல்ல, போனது அவர்களே என்று காட்ட இது உதவுகிறது. நாளைக்கு நோயாளி இறந்தால் கேள்வி கேட்க வாய் இருக்காது. உங்களுடைய விருப்பமில்லாமல் போகச் சொன்னால் அதில் கையெழுத்திடாதீர்கள். போட்டே தீர வேண்டிய நிலை வந்தால், “பணம் இல்லாததால் அனுப்புகிறார்கள்” என்று தமிழிலாவது எழுதிவிட்டுப் போடுங்கள். அந்த ஒரு வரி பிறகு வழக்கின் முதுகெலும்பாக நிற்கும்.

காகிதம் நமக்கு எதிராக மட்டும் இருப்பதல்ல. கேஸ் பேப்பர், எக்ஸ்ரே, சோனோகிராபி, இரத்தப் பரிசோதனை முடிவு, டிஸ்சார்ஜ் கார்டு எல்லாம் நமக்குத் துணை நிற்கும் சாட்சிகள். பழைய கேஸ் பேப்பரைப் பரணில் போட்டுவிட்டுப் புதிதாக வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை பேர்! மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளை மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பாக உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தரவேண்டும். எழுதிக் கேளுங்கள். கொடுத்த மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் கேட்டது காற்றோடு போகும்.

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குக் காகிதம் உயிருக்குச் சமம். இருமல் நின்றதும், ஊர்த் திருவிழாவுக்கு நெல்லைக்கோ சேலத்துக்கோ ரயிலேறிவிடுகிறார்கள்; மருந்து நின்று போகிறது; நோய் மருந்துக்கு அடங்காத நோயாகத் திரும்பி வருகிறது. ஆறு மாத மருந்து என்றால் ஆறு மாதமும் சாப்பிட வேண்டும். ஊருக்குப் போவதாக முன்கூட்டிச் சொன்னால், ‘நிக்ஷய்’ பதிவு எண்ணை வைத்துச் சிகிச்சையை ஊருக்கே மாற்றித் தருவார்கள். மருந்தும் பரிசோதனையும் இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்ததை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆக்கியிருக்கிறார்கள். அது வங்கிக் கணக்கில் வரவில்லை என்றால் கேளுங்கள். பிச்சையல்ல, கேட்கலாம்.

தரும ஆஸ்பத்திரியில் தருமம் எங்கே?

பம்பாயில் கண்ணாடி மாளிகை போல் நிற்கும் பெரிய பெரிய மருத்துவமனைகளைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோம். அவற்றுள் பல, சட்டப்படி தரும ஸ்தாபனங்கள் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? தருமம் என்ற பெயரால் வரிச் சலுகை உள்பட எத்தனையோ சலுகைகள் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு ஈடாக, மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41-ஏ.ஏ. பிரிவின்படியும், பம்பாய் உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டு 2006 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படியும், படுக்கைகளில் நூற்றுக்குப் பத்தை ஏதுமற்ற ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு பத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் தரவேண்டும். நோயாளிகளிடம் வசூலிக்கும் மொத்தத் தொகையில் நூற்றுக்கு 2 பங்கை ஏழை நோயாளர் நிதியாக ஒதுக்க வேண்டும். அவசர நோயாளி வந்தால் பணம் கேட்காமல் உடனே சேர்த்து உயிர் காக்கும் சிகிச்சை தரவேண்டும்.

சட்டம் இப்படி. வாசலில் நடப்பது என்ன? காவற்காரன் நம் சட்டையைப் பார்க்கிறான். கவுண்டரில் “டெபாசிட்?” என்கிறார்கள். அந்தப் பத்துப் படுக்கைக்கு மட்டும் எப்போதும் ஆள் இருப்பதாகச் சொல்கிறார்கள். இதற்கு மருந்து ஒன்றே. டெபாசிட் பற்றிப் பேசாதீர்கள், “சமூகப் பணியாளர் எங்கே? 41-ஏ.ஏ. படுக்கை எத்தனை காலி?” என்று கேளுங்கள். அந்த எண்ணைச் சொன்ன மாத்திரத்தில் கவுண்டரின் தொனி மாறும். ரேஷன் கார்டு அல்லது தாசில்தாரின் வருமானச் சான்று தேவைப்படும். வருமான வரம்பை அவ்வப்போது மாற்றுகிறார்கள், ஆகவே வொர்லியிலுள்ள தரும ஆணையர் அலுவலகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் புகார் கொடுக்க வேண்டியதும் அங்கேதான். நோய் வந்த பிறகு சான்றுக்கு அலைவதைவிட, உடம்பு நன்றாக இருக்கும்போதே வாங்கி வைப்பது உத்தமம்.

சாதாரண நர்சிங் ஹோம்களுக்கும் கடிவாளம் இல்லாமல் இல்லை. 2021இல் மகாராஷ்டிர அரசு திருத்திய விதிகளின்படி, நோயாளர் உரிமைச் சாசனத்தையும் கட்டண விவரத்தையும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். உங்கள் தெரு நர்சிங் ஹோமில் அது தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். மருந்தை எங்கள் கடையில்தான் வாங்க வேண்டும் என்று வற்புறுத்த முடியாது. பில் பாக்கிக்காக நோயாளியையோ பிணத்தையோ பிடித்து வைக்க முடியாது. பணம் வாங்கிச் செய்த சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று 1995இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கு மட்டும் அது பொருந்தாது. அங்கே தகவல் உரிமைச் சட்டமும் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதும் மனுவுமே ஆயுதம்.

இரண்டு அரசாங்கங்களுக்கு நடுவே

இனி ஆளவந்தார்களிடம் வருவோம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்கு அந்த ஊர் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். இங்கே மகாத்மா பூலே பெயரில் ஒரு திட்டம் இருக்கிறது. குடும்பத்துக்கு ஐந்து இலட்சம் வரை என்கிறார்கள். அதற்கு இந்த மாநிலத்து ரேஷன் கார்டோ இருப்பிடச் சான்றோ வேண்டும். இருப்பிடச் சான்றுக்குப் பதினைந்து ஆண்டு வாசம் காட்ட வேண்டும். ஊர்க் கார்டில் பெயரை அடித்துவிட்டு வந்து, இங்கே இன்னும் கார்டு கிடைக்காதவனுக்கு எந்த அரசு? வாடகைக் கோலியில் பத்திரமின்றிப் பதினெட்டு வருடம் குடியிருந்தவன் வாசத்தை எதைக் கொண்டு நிரூபிப்பான்?

மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை, திட்டத்தில் சேர்ந்த எந்த மாநிலத்திலும் செல்லும் என்பது உண்மை. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2018இல் அதைத் தொடங்கியபோது 2011 கணக்கெடுப்பை வைத்துப் பட்டியல் போட்டார்கள். கணக்கெடுக்க வந்த அன்று ரயிலில் இருந்தவன் பட்டியலில் இல்லை. 2024 முதல் 70 வயது நிறைந்த எவருக்கும் வருமானம் பாராமல் அட்டை தருகிறார்கள். நம் முதியோர்களில் பலர் இன்னும் வாங்கவில்லை, ஆதாரை எடுத்துக்கொண்டு போய் வாங்குங்கள். எழுபதுக்கு முன்பே உடம்பு தேய்ந்துவிடுகிற தோல் பட்டறைத் தொழிலாளிக்கு என்ன வழி என்பதை யாரும் சொல்லவில்லை. அரிசிக்கு நாடு முழுவதும் ஒரே ரேஷன் கார்டு என்று 2022க்குள் செய்து முடித்தவர்களுக்கு, சிகிச்சைக்கு அதையே செய்வது முடியாத காரியமா? இரண்டு மாநிலங்களும் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும். தேர்தல் நேரத்தில் அங்கிருந்து இங்கு வந்து தமிழில் வாக்குக் கேட்கத் தெரிந்த தலைவர்கள் இதைப் பேச வரவேண்டும்.

தொழிற்சாலை வேலையிலிருப்போர் இ.எஸ்.ஐ.யை மறந்துவிடுகிறார்கள். 2019 ஜூலை முதல் கூலியில் நூற்றுக்கு 0.75 தொழிலாளியிடமும் 3.25 முதலாளியிடமும் என்று வைத்தார்கள். பிடித்தம் நடக்கிறது, அட்டை இல்லை என்றால் அது களவு. ஆள் கணக்குப் பத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ளும் பட்டறைகளின் தந்திரத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

சிபாரிசும் செருப்பும்

நம்மவர்க்குத் தெரிந்த வழிகள் இரண்டே. ஒன்று, சிபாரிசுக் கடிதம். வட்டாரப் பிரமுகர் வீட்டு வாசலில் காலையிலிருந்து நின்று, லெட்டர் பேடில் இரண்டு வரி வாங்கிக்கொண்டு ஓடுகிறோம். கடிதம் கொடுத்தவர் அதை ஐந்தாண்டுக்கு வாக்காக அறுவடை செய்கிறார். நமக்கு ஏற்கெனவே சொந்தமான படுக்கையை நமக்கே தானம் செய்து புண்ணியம் கட்டிக்கொள்கிறார்! நமக்காக வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டவனும் இன்னொரு ஏழைதான்.

மற்றொன்று, ஆள் சேர்த்துக்கொண்டு போய் ரகளை செய்வது. நோயாளி இறந்ததும் பயிற்சி டாக்டரின் சட்டையைப் பிடிப்பது. இதில் வீரம் ஒன்றும் இல்லை. இரவு பகலாகக் கண் விழித்து, ஒரு வார்டு நிறைய நோயாளிகளைப் பார்க்கும் அந்த இளைஞனா படுக்கையைக் குறைத்தான்? அவனா மருந்து வாங்கவில்லை? குறைத்தவர்கள் குளிர்சாதன அறையில் இருக்கிறார்கள். போதாக்குறைக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். நியாயம் நம் பக்கம் இருந்த வழக்குக்கூட அந்த ஓர் அறையில் நம் கையைவிட்டுப் போய்விடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி உண்டு. நோயாளியோடு ஒருவர் போவது. பெண்ணோடு பெண் போவது. புறப்படுமுன் வலி எங்கே, எப்போதிலிருந்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது. டாக்டர் சொன்னதை அவர் எதிரிலேயே எழுதி, “நான் புரிந்துகொண்டது சரியா?” என்று திருப்பிக் கேட்பது. டாக்டரின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வது. குரலை உயர்த்தாமல், ஆனால் பதில் வரும்வரை நகராமல் நிற்பது. நல்ல டாக்டர்கள் இதை விரும்புகிறார்கள். விரும்பாதவர்களிடம்தான் கட்டாயம் கேட்க வேண்டும்.

இதற்கு ஆள் எங்கே என்று கேட்கலாம். இங்கேதான் சங்கத்தாரைக் கேட்க வேண்டியிருக்கிறது. பொங்கல் விழாவுக்குப் பந்தல், பட்டிமன்றத்துக்கு ஊரிலிருந்து பேச்சாளர், அவருக்கு ரயில் கட்டணம், சால்வை, மேடையில் இருபத்தைந்து நாற்காலி. தமிழ் வளர வேண்டியதுதான், மறுப்பவர் யார்? ஆனால் பந்தலுக்குக் கூப்பிடு தொலைவிலுள்ள மருத்துவமனையில் ஒரு தமிழ்த் தாய் “தர்த் ஹை” என்ற ஒற்றை வார்த்தைக்குள் செத்துக்கொண்டிருக்கும்போது மேடையில் வளர்கிற தமிழ் யாருக்கு?

வருகிற பொதுக்குழுவில் நான் முன்மொழியப் போகும் தீர்மானம் இது: விழாச் செலவில் பாதியை எடுத்து, வாரத்தில் ஆறு நாளும் காலை எட்டு முதல் ஒரு மணி வரை, நம் வட்டார மாநகராட்சி மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதியில் சங்கத்தின் சார்பில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் இருக்க வேண்டும், அவர்களுக்கு அன்றைய கூலியைச் சங்கம் ஈடு செய்ய வேண்டும், கண்காணிப்பாளரிடம் முறைப்படி எழுதி அனுமதி பெற வேண்டும், நோயாளர் உரிமைச் சாசனத்தைத் தமிழில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்க வேண்டும், தமிழ் உதவி மேஜை கேட்டு மாநகராட்சி ஆணையருக்குப் பிற மொழிச் சங்கங்களோடு சேர்ந்து மனுக் கொடுக்க வேண்டும். வழிமொழிகிறவர்கள் பொதுக்குழுவுக்கு முன்பே செயலாளரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள். மருத்துவமனையில் நிற்க முன்வருகிறவர்களில், இந்தியும் மராத்தியும் படிக்கத் தெரிந்த பெண்களின் பெயர் முதலில் வேண்டும்.